சப்தத்தை முந்தும் விமானமும் தரையில் விழும் முழக்கமும்



நாம் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளிக்கூடத்திலும் படித்தவர்கள். விஞ்ஞானத்தில் பட்டம் பெற்றவர்களல்லர். தராசும் பேரேடுந்தான் நமக்குத் தெரிந்த புஸ்தகங்கள். அப்படியிருக்க, ஆகாய விமானத்தின் சப்தத்தைப் பற்றி இந்தப் பக்கங்களில் பாடம் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாம் செய்த ஒரு பிழைதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க வைத்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

2024-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 15-ந் தேதி. மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் வெடிகுண்டு இருப்பதாக மின்னஞ்சல் மிரட்டல் வந்தது. சிங்கப்பூர் ஆகாயப் படையின் எப்-15 ரகப் போர் விமானங்கள் இரண்டு எழும்பிப் போய், ஜனங்கள் நெருக்கமாக வாழும் இடங்களுக்கு அப்பால் அந்த விமானத்தை அழைத்துச் சென்றன. இரவு மணி 10.04க்கு அது சாங்கியில் பத்திரமாக இறங்கியது. குண்டு எதுவும் இல்லை. இது பத்திரிகைகளில் வந்த செய்தி.

பத்திரிகையில் வராத செய்தி ஒன்று உண்டு. அன்றிரவு சிராங்கூன் ரோட்டில் நாம் கடை சாத்துகிற வேளையில், வானத்தில் ஒரு பெரிய இரைச்சல் கேட்டது. பக்கத்துக் கடைக்காரர் வெளியே வந்து, "நானா, அது என்ன சத்தம்?" என்றார். நாமும் யோசியாமல், "வானத்துலே ஏதோ வெடிச்ச மாதிரி இருக்கு, தம்பி" என்று சொல்லிவிட்டோம். அவருடைய மச்சான் அந்த மதுரை விமானத்தில்தான் வந்துகொண்டிருந்தார் என்பது நமக்குத் தெரியாது. இறங்க வேண்டிய நேரம் கடந்தும் விமானம் இறங்கவில்லை என்ற கவலையில் இருந்த மனிதர் அவர். நமது வார்த்தையைக் கேட்டதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மச்சான் பத்திரமாக இறங்கிப் போன் பேசும் வரை அவர் பட்ட பாட்டை நாம் கண்ணால் பார்த்தோம். இன்னதென்று தெரியாத சப்தத்துக்கு நாமாக ஒரு பெயர் வைத்தோம். அந்தப் பெயர் இன்னொருவர் நெஞ்சில் இடியாக விழுந்தது.

அதன் பிறகுதான், வானத்தில் விமானம் எழுப்பும் சப்தங்கள் எத்தனை வகை, எது வெடி, எது வெடியல்ல என்று நூல் நிலையத்துக்குப் போய்ப் படிக்கலானோம். படித்ததில் வியாபாரிகளாகிய நமக்குப் பொருந்தும் கணக்கு ஒன்றும் கிடைத்தது.

சப்தம் என்பது ஒரு தூதன்

சப்தம் என்பது காற்றில் ஏற்படும் நெருக்கம். தப்லாவைத் தட்டினால் தோல் அதிர்கிறது. தோல் பக்கத்துக் காற்றைத் தள்ளுகிறது, அது தனக்கு அடுத்த காற்றைத் தள்ளுகிறது. இப்படியே கைமாறிக் கைமாறி நமது காதுக்கு வந்து சேர்கிறது. இதற்கு ஒரு வேகம் உண்டு. தரை மட்டத்தில் சப்தம் ஒரு செகண்டுக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். மணிக்குச் சுமார் 1,225 கிலோமீட்டர். மேலே போகப் போகக் காற்று குளிரும், குளிர்ந்த காற்றில் சப்தம் மெதுவாகவே போகும். 11 கிலோமீட்டர் உயரத்தில் அதன் வேகம் மணிக்குச் சுமார் 1,060 கிலோமீட்டர்தான்.

விமானத்தின் வேகத்தைச் சப்தத்தின் வேகத்தோடு ஒப்பிட்டுச் சொல்வதற்கு 'மாக்' என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். சப்தத்துக்குச் சமமான வேகம் மாக் 1. அதில் இரட்டிப்பு மாக் 2. ஆஸ்திரியா நாட்டு விஞ்ஞானி எர்ன்ஸ்ட் மாக் என்பவரின் பெயர் இது. பாய்ந்து செல்லும் துப்பாக்கிக் குண்டின் முன்னால் காற்று எப்படி மடிந்து நெருங்குகிறது என்பதைப் போட்டோ பிடித்து 1887-இல் வெளியிட்டவர் அவர். ஆகாய விமானமே பிறக்காத காலம் அது.

இப்போது நமக்குத் தெரிந்த ஓர் இடத்துக்கு வருவோம். தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை டன்லப் ஸ்திரீட்டில் ஜனக்கூட்டம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்துக்குள் ஒருவர் சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார். "வழி! வழி!" என்று குரல் கொடுக்கிறார். குரல் முன்னால் போகிறது, கேட்டவர்கள் ஒதுங்குகிறார்கள், வண்டி சாவகாசமாக வருகிறது. மெதுவாகப் பறக்கும் விமானம் இப்படிப்பட்டதுதான். அதன் சப்தம் முன்னால் போய்க் காற்றுக்குச் சேதி சொல்கிறது. காற்று விலகி வழி விடுகிறது.

வண்டி அதைத் தள்ளுகிறவரின் குரலைவிட வேகமாக வந்தால் என்ன ஆகும்? ஒருவருக்கும் முன்னறிவிப்புக் கிடையாது. ஒதுங்க அவகாசம் இல்லாமல் கூட்டம் ஒருவர்மேல் ஒருவராக நெருக்கப்பட்டுவிடும். சப்தத்தை முந்தும் விமானத்துக்கு முன்னால் காற்று அடையும் கதியும் இதுவே. சிறிது சிறிதாக விலக வேண்டிய காற்று ஒரே கணத்தில் நெருக்கப்பட்டு, கனத்த ஓர் அலையாகிறது. அதை அதிர்ச்சி அலை என்கிறார்கள். அந்த அலை தரையில் வந்து விழும்போது நமக்குக் கேட்பதுதான் ஒலி முழக்கம். இங்கிலீஷ்காரர்கள் 'சானிக் பூம்' என்பார்கள்.

சாட்டையைச் சொடுக்கும்போது 'பட்' என்று கேட்கிறதே, அதுவும் இந்த ஜாதியைச் சேர்ந்ததுதான். சாட்டையின் நுனி அந்தக் கணத்தில் சப்தத்தை முந்தி ஓடுகிறது.

பலரும் தவறாக நினைப்பது

விமானம் சப்தத்தின் வேகத்தைத் தாண்டுகிற அந்த ஒரு கணத்தில் மட்டும் ஒரு வெடி கேட்கும், அத்துடன் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். அது தவறு. விமானம் சப்தத்தை முந்திப் பறக்கிற நேரம் முழுவதும் முழக்கம் விழுந்துகொண்டே இருக்கும்.

கல்லாங் ஆற்றில் மோட்டார் படகு போவதைப் பாருங்கள். படகின் இரு பக்கமும் அலை விரிந்து பின்னால் வருகிறது. கரையில் நிற்கும் உங்கள் காலில் அந்த அலை ஒருமுறைதான் அடிக்கும். ஆனால் படகு போகிற வழியெல்லாம், கரையில் நிற்கிற ஒவ்வொருவர் காலிலும் அது அடித்துக்கொண்டே போகிறது. படகு உங்களைக் கடந்து போன பிறகுதான் அலை வந்து சேர்கிறது என்பதையும் கவனியுங்கள். விமானத்தின் முழக்கமும் அப்படியே. விமானம் தலைக்கு மேல் கடந்து வெகுதூரம் போன பின்புதான் கீழே இருப்பவருக்குக் கேட்கும்.

இந்த முழக்கம் தரையில் ஒரு நீண்ட பாயை விரித்தாற்போல் விழுகிறது. பாயின் அகலத்துக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. விமானம் பறக்கும் உயரத்தில் ஒவ்வோர் 1,000 அடிக்கும் அகலம் சுமார் 1 மைல். 50,000 அடி உயரத்தில் பறந்தால் பாயின் அகலம் சுமார் 50 மைல். நீளமோ, அந்த வேகத்தில் பறக்கும் தூரம் முழுவதும்.

பெரும்பாலும் முழக்கம் இரட்டையாகக் கேட்கும். மூக்கிலிருந்து ஓர் அலை, வாலிலிருந்து ஓர் அலை. சிறிய போர் விமானமானால் இரண்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஒரே அடியாகத் தோன்றும். பெரிய விமானமானால் 'டும் டும்' என்று இரண்டாகவே காதில் விழும்.

விமானத்துக்குள் இருப்பவருக்கு இந்த முழக்கம் கேட்பதில்லை. அலை அவருக்குப் பின்னால் தங்கிவிடுகிறது. அவர் அதைவிட வேகமாகப் போய்விடுகிறார். இந்த ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரைச்சல் வேறு, முழக்கம் வேறு

ஆகஸ்டு மாதத் தேசிய தினத்துக்காக ஒத்திகை நடக்கும்போது போர் விமானங்கள் நகரத்தின்மேல் பறக்கின்றன. நமது கடைக் கண்ணாடிகளெல்லாம் நடுங்குகின்றன. அது ஒலி முழக்கமன்று. அந்த விமானங்கள் அப்போது சப்தத்தை முந்துவதில்லை. என்ஜினின் இரைச்சல்தான் அது. இரைச்சல் மெல்ல எழும்பி, பெருகி, பிறகு மெல்ல அடங்கும். முழக்கம் ஒரே அடி, அல்லது இரண்டு அடி. முன்னும் பின்னும் அமைதி. நாம் அக்டோபர் 15-ந் தேதி கேட்டது நெடுநேரம் நீடித்து மெல்லத் தேய்ந்துபோன சப்தம். ஆகவே அது என்ஜின் இரைச்சலே என்று இப்போது தெரிகிறது. அன்று தெரிந்திருந்தால் 'வெடிச்ச மாதிரி' என்று சொல்லியிருக்க மாட்டோம்.

உண்மையான முழக்கம் ஒரு நகரத்தை எப்படி ஆட்டும் என்பதற்கு உதாரணம் பெங்களூர். 2020-ஆம் வருஷம் மே மாதம் 20-ந் தேதி பகல் வேளையில் நகரமெங்கும் ஒரு பெருஞ்சப்தம் கேட்டது. பூகம்பமோ என்று ஜனங்கள் வீட்டை விட்டு ஓடி வந்தார்கள். இந்திய ஆகாயப் படையின் சோதனை விமானம் ஒன்று சப்தத்தை முந்திப் பறந்து, 36,000 அடிக்கும் 40,000 அடிக்கும் இடையே வேகத்தைக் குறைத்தபோது உண்டான முழக்கமாக இருக்கலாம் என்று பாதுகாப்பு இலாகா பின்னர் விளக்கம் கொடுத்தது. விமானம் பறந்தது நகரத்துக்கு வெகு அப்பால். 65 முதல் 80 கிலோமீட்டர் தூரத்தில் பறந்தாலும் கேட்கக் கூடியது என்றும் அதே விளக்கத்தில் சொல்லப்பட்டது.

கண்ணாடிக்கு என்ன ஆகும்?

கடைக்காரருக்கு இது முக்கியமான கேள்வி. கன்கார்டு என்ற பிரயாண விமானம் உச்ச வேகத்தில் பறந்தபோது தரையில் விழுந்த அழுத்தம், ஒரு சதுர அடிக்குச் சுமார் 2 பவுண்டு. நம்மைச் சுற்றியுள்ள காற்று எப்போதும் ஒரு சதுர அடியை 2,100 பவுண்டுக்கு மேல் அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுகிறது, அவ்வளவே. ஆனால் அது கூடுவது கண நேரத்தில். நமது ஷோகேஸ் கண்ணாடி 6 அடிக்கு 8 அடி என்று வைத்துக்கொள்வோம். 48 சதுர அடி, 96 பவுண்டு. ஏறக்குறைய ஓர் அரிசி மூட்டையைத் திடீரென்று சாய்த்து உடனே எடுத்தாற்போல. நல்ல கண்ணாடி தாங்கும். ஏற்கெனவே கீறல் விழுந்ததும், சட்டத்தில் சரியாகப் பொருந்தாததும் உடையும். காது செவிடாகாது, ஆனால் தூங்கும் குழந்தை அலறும், நோயாளி திடுக்கிடுவார், கட்டிய மாடு மிரளும்.

இதை அமெரிக்கா ஒரு நகரத்தின்மேல் சோதித்தே பார்த்தது. 1964-ஆம் வருஷம் பிப்ரவரி 3-ந் தேதி தொடங்கி, ஓக்லஹாமா நகரத்தின்மேல் ஆறு மாதம், நாளொன்றுக்கு எட்டு முழக்கம் வரை விழச் செய்தார்கள். மொத்தம் 1,253. முதல் 14 வாரத்தில் நகரத்தின் மிக உயரமான இரண்டு கட்டடங்களில் மட்டும் 147 கண்ணாடிகள் உடைந்தன. முடிவில் ஜனங்களை விசாரித்தபோது, பெரும்பாலோர் சகித்துக்கொள்ளலாம் என்றார்கள். சுமார் நாலில் ஒருவர் இதோடு வாழ முடியாது என்றார்கள். கடைசியில் 1973-இல், பிரயாண விமானங்கள் தரையின்மேல் சப்தத்தை முந்திப் பறக்கக் கூடாது என்று அமெரிக்க சர்க்கார் தடை விதித்தது.

நமது ஊருக்கு வந்த கன்கார்டு

இனி நமது சிங்கப்பூரின் கதை. இதைப் பெரியவர்கள் சிலர் இன்றும் நினைவு வைத்திருக்கிறார்கள். நமது வாப்பா கடையில் அடிக்கடி சொல்லிக் கேட்டதுண்டு.

இங்கிலாந்தும் பிரான்சும் சேர்ந்து செய்த விமானம் கன்கார்டு. மாக் 2, அதாவது மணிக்குச் சுமார் 2,180 கிலோமீட்டர் வேகம். 60,000 அடி வரை உயரம். சுமார் 100 பிரயாணிகள். 1977-ஆம் வருஷம் டிசம்பர் 9-ந் தேதி, பிரிட்டிஷ் ஏர்வேஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் கூட்டாக லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூருக்கு இந்த விமானத்தை விட்டன. ஒரு விமானத்துக்கு இடது பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் வர்ணமும், வலது பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸின் வர்ணமும் பூசினார்கள். அப்போது சாங்கி விமான நிலையம் கிடையாது. பாய லேபாரில்தான் இறங்கும். ஊசி மூக்குடன் அது இறங்குவதைப் பார்க்க ஜனங்கள் கூடினார்களாம். "பட்டணத்துக்கே பெருமை வந்ததுன்னு நினைச்சோம்டா" என்பார் வாப்பா.

பெருமை நீடிக்கவில்லை. மூன்றே தடவை போய் வந்தது, சேவை நின்றது. மலாக்கா ஜலசந்தியின்மேல் சப்தத்தை முந்திப் பறக்க மலேசியா அனுமதி மறுத்துவிட்டது. முழக்கத்தைப் பற்றிய ஆட்சேபம்தான் காரணம்.

இங்கே அந்தப் பாயின் கணக்கை நினைத்துப் பாருங்கள். 50,000 அடியில் பறந்தால் பாயின் அகலம் 50 மைல். மலாக்கா ஜலசந்தியோ தெற்குப் பக்கத்தில் சுமார் 40 மைல் அகலந்தான். 40 மைல் கூடத்தில் 50 மைல் பாயை விரித்தால் ஓரம் சுவரில் ஏறத்தானே செய்யும்? வேகத்தைக் குறைக்காமல் குறுகலான இடத்தில் நடுக்கடலிலேயே பறந்தாலும் முழக்கம் கரையைத் தொட்டுவிடும். ஜலசந்தியில் வலை வீசிக்கொண்டிருக்கும் மீன்பிடிகாரர் தலையிலோ எப்படியும் விழும்.

சிங்கப்பூரில் இருந்த நமக்கோ முழக்கம் விழவில்லை. பாய லேபாரில் இறங்கும்போது விமானம் வேகத்தைக் குறைத்துவிடும். வேடிக்கை நமக்கு, அடி அக்கம்பக்கத்தாருக்கு.

பிறகு மலேசிய ஆகாயத்தை விட்டு விலகி வேறு வழி கண்டுபிடித்து, 1979 ஜனவரி 24-ந் தேதி மறுபடியும் தொடங்கினார்கள். இந்தியாவும் தன் ஆகாயத்தில் சப்தத்தை முந்த இடங்கொடுக்கவில்லை. ஐரோப்பாவில் தரையின்மேல் மெதுவாகப் பறந்து, கடல் வந்த பின்புதான் வேகமெடுக்க வேண்டியிருந்தது. வேகத்துக்காகச் செய்த விமானம், வேகமாகப் போகவும் வழியில்லை. மெதுவாகப் போனால் எரியெண்ணெய்ச் செலவும் கட்டவில்லை. எண்ணெய் விலையும் அந்த வருஷங்களில் ஏறியது. 1980 நவம்பர் 1-ந் தேதியோடு சிங்கப்பூர் சேவை நின்றுவிட்டது. 1981 ஜூலை 1-ந் தேதி சாங்கி திறந்தபோது கன்கார்டு சேவை இல்லை. உலகத்திலேயே பிரயாணிகளோடு ஓடிய கன்கார்டுகள் மொத்தம் 14 தான். 2003-இல் எல்லாம் ஓய்ந்தன. நமது ஊர் வர்ணம் பூசிய அந்த விமானம் இப்போது நியூயார்க்கில் காட்சிப் பொருளாக நிற்கிறது.

பேரேட்டில் விட்டுப்போன பற்று

சகோதரர்களே, இதை வியாபாரக் கண்ணால் பாருங்கள். கன்கார்டைச் செய்தவர்கள் சாமர்த்தியம் இல்லாதவர்களல்லர். இரும்பு, எண்ணெய், ஆட்கூலி, டிக்கெட் விலை எல்லாவற்றையும் எழுதினார்கள். கீழே இருப்பவனுடைய கணக்கைச் சரியாக எழுதவில்லை. லாபம் மேலே நூறு பேருக்கு. சப்தம் கீழே 50 மைல் அகலத்துக்கு. டிக்கெட் வாங்காதவன் தினமும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. அவன் ஒருநாள் "முடியாது" என்றான். சரக்கு கப்பலிலேயே நின்றுவிட்டது. ஒரு செலவை நாம் எழுதாமல் விட்டால் அது இல்லாமல் போய்விடாது. வேறொருவர் தலையில் ஏறி, வட்டியோடு நம்மிடமே திரும்பி வரும்.

இது பழங்கதை என்று தள்ள வேண்டாம். 2025-ஆம் வருஷம் ஜனவரி 28-ந் தேதி, அமெரிக்காவில் ஒரு தனியார் கம்பெனியின் சிறிய சோதனை விமானம் சப்தத்தை முந்தியது. தரையில் முழக்கம் கேட்கவில்லை. சரியான உயரத்தில், சப்தத்தைவிடக் கொஞ்சமே அதிக வேகத்தில் பறந்தால், கீழேயுள்ள வெப்பக் காற்று அலையை மேல்நோக்கி வளைத்துவிடுகிறது. அதே வருஷம் ஜூன் 6-ந் தேதி, 1973-ஆம் வருஷத்துத் தடையை நீக்க ஏற்பாடு செய்யும்படி அமெரிக்க ஜனாதிபதி கட்டளையிட்டார். அக்டோபர் 28-ந் தேதி, அமெரிக்க விண்வெளி இலாகாவான நாசாவின் எக்ஸ்-59 என்ற விமானம் முதல் தடவையாகப் பறந்தது. அதன் மூக்கு மிகவும் நீளம். அலைகள் ஒன்று சேர்ந்து ஒரே பேரலையாகாமல் பிரித்து, பெருவெடியைத் தூரத்தில் கார்க் கதவு சாத்துகிற அளவுக்குக் குறைப்பது அதன் நோக்கம்.

இந்த விமானங்கள் தேறினால், நாளை ஒருநாள் அவை நமது ஜலசந்திக்கும், நமது சொந்தக்காரர்கள் மீன் பிடிக்கும் கீழக்கரை, நாகூர்க் கடலுக்கும் மேலாகப் பறக்க வழி கேட்டு வரலாம். நான்கு மணி நேரத்தில் ஊர் போய்ச் சேரும் விமானம், ஒன்றரை மணியில் போகும் என்று விளம்பரம் வரும்போது நமக்கும் ஆசை வரும். ஆசைப்படுவதில் தவறில்லை. கீழே விழுவது என்ன, எவ்வளவு, யார் தலையில் என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் பாடம்.

பாடத்தின் சாரம்

சப்தத்தை முந்தும் விமானம் முன்னறிவிப்பின்றிக் காற்றை நெருக்குவதால் முழக்கம் உண்டாகிறது. அது ஒருமுறை மட்டும் அல்ல, அந்த வேகத்தில் பறக்கும் வழி முழுவதும் விழுகிறது. பெருகித் தேய்வது இரைச்சல். ஒன்றிரண்டு அடியாக விழுவது முழக்கம். கீறிய கண்ணாடியை முன்கூட்டியே மாற்றிவிடுவது கடைக்காரருக்கு நல்லது. வானத்தில் சப்தம் கேட்டால், சர்க்காரோ பத்திரிகையோ சேதி சொல்லும் வரை பெயர் வைக்காமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

விமானத்துக்குள் இருப்பவருக்கு முழக்கம் கேட்பதில்லை என்று மேலே சொன்னோம். வாய்ச்சொல்லும் அப்படித்தான். அன்றிரவு நாம் சொன்ன ஒரு வார்த்தையை நாம் உடனே மறந்து, பூட்டைத் தேடிக்கொண்டிருந்தோம். அது விழுந்த இடத்தில் ஒரு மனிதர் படியில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் மச்சான் ஊரிலிருந்து கொண்டுவந்த பனங்கற்கண்டில் ஒரு பொட்டலத்தை நமது கையில் வைத்து, "டீ சாப்பிடுங்க, நானா" என்றார்.